சென்னை – மதுரை: தூரம் எவ்வளவு, விமானத்தில் எவ்வளவு நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக்கும் மதுரைக்கும் இடையே தூரம் எவ்வளவு? ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொன்று போட்டிருக்கிறதே?

ஆகாய மார்க்கமாக 417 கி.மீ., சாலையில் ஏறத்தாழ 460 கி.மீ., ரயிலில் ஏறத்தாழ 495 கி.மீ. மூன்றும் சரியான கணக்குத்தான், அளக்கும் பாதைதான் வேறு. மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் மதுரை விமான நிலையத்துக்கும் நேர்கோடு போட்டால் வருவது 417. நகர மையத்திலிருந்து நகர மையத்துக்குப் போட்டால் 421 வரும். சில தளங்களில் 259 என்று இருக்கும், அது மைல். 225 என்று இருந்தால் அது கடல் மைல். விமானிகள் பேசுவது அந்தக் கணக்கில்தான். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.

ரயில் தூரம் சாலையை விட அதிகமாக இருப்பதற்குக் காரணம் திண்டுக்கல். திருச்சி வரைக்கும் சாலையும் தண்டவாளமும் ஏறக்குறைய ஒரே நீளம்தான். அதற்கு மேல் சாலை விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் என்று மதுரைக்கு நேராக இறங்கிவிடுகிறது. தண்டவாளமோ மணப்பாறை வழியாக மேற்கே திண்டுக்கல் வரை போய், கொடைக்கானல் ரோடு, சோழவந்தான் என்று திரும்பி வருகிறது. கூடுதல் கிலோமீட்டரில் பெரும்பகுதி அந்த வளைவில்தான் சேருகிறது.

இந்த 417 எப்படி வந்தது? நானே கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா?

முடியும். பத்தாம் வகுப்புக் கணிதம் போதும். இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும். சென்னை: வடக்கு 12.99, கிழக்கு 80.17. மதுரை: வடக்கு 9.83, கிழக்கு 78.09.

வடக்கு – தெற்கு வித்தியாசம் 3.16 பாகை. ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்று பெருக்கினால் 351 கி.மீ.

கிழக்கு – மேற்கு வித்தியாசம் 2.08 பாகை. இதை அப்படியே 111-ஆல் பெருக்கக் கூடாது. பூமத்தியரேகையை விட்டு வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கி வருவதால் ஒரு பாகையின் நீளம் குறையும். இரண்டு ஊருக்கும் நடுவே இருக்கும் அட்சரேகை சுமார் 11.4. அதன் கோசைன் 0.98. ஆக, 2.08 × 111 × 0.98 = 226 கி.மீ.

இனி பிதாகரஸ்: 351-இன் வர்க்கம் 1,23,201, 226-இன் வர்க்கம் 51,076. கூட்டினால் 1,74,277. வர்க்கமூலம் 417-க்குச் சற்று மேலே வரும். தமிழ்நாட்டுக்குள் எந்த இரண்டு ஊருக்கும் இந்த முறை தாராளமாகப் போதும். சென்னை – லண்டன் போன்ற தூரங்களுக்கு மட்டும் கோள வாய்பாடு தேவைப்படும். பலர் தவறுவது கோசைனில்தான். தீர்க்கரேகையை அதைக் கொண்டு பெருக்க மறந்துவிட்டால் தூரம் கூடுதலாக வரும். டெல்லி, ஸ்ரீநகர் பக்கம் போனால் அந்தப் பிழை இன்னும் பெரிதாகும்.

விமானம் அந்த 417 கி.மீ.க்கு மேல் பறப்பதில்லையா?

பறக்கும். ஓடுபாதை நோக்கும் திசையில் ஏறி, வளைந்து, வான்வழிப் பாதையைப் பிடித்து, மறுமுனையில் மீண்டும் வளைந்து இறங்க வேண்டும். மதுரை சென்னைக்குத் தென்தென்மேற்கே இருக்கிறது. ஆனால் சென்னையின் முக்கிய ஓடுபாதை ஏறத்தாழ கிழக்கு – மேற்காகவும் மதுரையின் ஓடுபாதை சரியாகக் கிழக்கு – மேற்காகவும் கிடக்கின்றன. எந்தப் பக்கம் ஏறினாலும் ஒரு திருப்பம், எந்தப் பக்கம் இறங்கினாலும் ஒரு திருப்பம். சென்னையில் இறங்கும்போது நெரிசல் நேரமாக இருந்தால், வரிசை கிடைக்கும் வரை சுற்றவும் விடுவார்கள்.

பறக்கும் நேரம் எவ்வளவு?

டிக்கெட்டில் பொதுவாக 1 மணி 10 நிமிடத்திலிருந்து 1 மணி 30 நிமிடம் வரை போட்டிருக்கும். ஆகாயத்தில் இருக்கும் நேரம் அதை விடக் குறைவு: ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட் என்றால் முக்கால் மணி நேரம், ஏடிஆர் 72 என்ற விசிறி விமானம் என்றால் ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

டிக்கெட்டில் இருப்பதை 'பிளாக் டைம்' என்பார்கள். புறப்படும் இடத்தில் விமானம் நின்ற நிலையிலிருந்து நகரத் தொடங்குவது முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது வரை உள்ள மொத்த நேரம் அது. சென்னையில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போய் முறை வரும் வரை நிற்பதற்கே 10 முதல் 20 நிமிடம் ஆகலாம். மதுரையில் அந்த வேலை சீக்கிரம் முடிந்துவிடும். சின்னத் தாமதத்தால் 'நேரத்துக்கு வந்தது' என்ற கணக்குக் கெடாதிருக்க நிறுவனங்கள் இதற்கு மேலும் சில நிமிடங்களைச் சேர்த்தே அட்டவணை போடும். அதனால்தான் சில நாள் 15 நிமிடம் முன்னதாகவே இறங்கிவிடுகிறது. விமானி வேகமாக ஓட்டினார் என்று அர்த்தமில்லை.

417 கி.மீ.ஐ 830 கி.மீ. வேகத்தால் வகுத்தால் அரை மணி நேரம்தானே வருகிறது?

அந்த வேகம் உச்சிக்கு ஏறி நிலையாகப் பறக்கும்போது மட்டும்தான். இவ்வளவு குறுகிய தூரத்தில் ஜெட் விமானம் ஏறுவதிலும் இறங்குவதிலுமே பாதிக்கு மேற்பட்ட நேரத்தைச் செலவழிக்கும். 10,000 அடிக்குக் கீழே வேகக் கட்டுப்பாடும் உண்டு. உச்ச வேகத்தில் பறப்பது சில நிமிடங்களே. ஏடிஆர் ஏறக்குறைய 500 கி.மீ. வேகத்தில், 20,000 அடிக்கும் கீழேயே பறக்கும். ஜெட்டை விட முந்நூறு கி.மீ. வேகம் குறைவு என்று கேட்கும்போது பெரிதாகத் தெரியும். இந்தத் தடத்தில் அதனால் கூடுவது கால் மணி நேரம்தான்.

ஏடிஆரா, ஏ320-ஆ? எதில் பதிவு செய்யலாம்?

நேரத்துக்காக மட்டும் ஜெட்டைத் தேடிக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். வித்தியாசம் வேறு இடங்களில் இருக்கிறது.

ஏடிஆரில் பக்கத்துக்கு இரண்டு இருக்கைதான், நடு இருக்கைத் தொல்லை கிடையாது. இறக்கை கூரைக்கு மேலே இருப்பதால் எந்த ஜன்னலில் உட்கார்ந்தாலும் தரை தெரியும். ஏறுவதும் இறங்குவதும் பின்பக்க வாசலில். சீக்கிரம் வெளியே வர நினைப்பவர்கள் பின்வரிசையைக் கேட்க வேண்டும். ஜெட் பழக்கத்தில் முன்வரிசைக்குப் பணம் கட்டினால் கடைசியாகத்தான் இறங்குவீர்கள். மேலே பெட்டி வைக்கும் இடம் சிறியது, சக்கரம் வைத்த ட்ராலி பல சமயம் நுழையாது. படிக்கட்டு அருகே அதை வாங்கிச் சரக்கு அறையில் போட்டு, இறங்கியதும் தருவார்கள். லேப்டாப், மருந்து, நகை போன்றவற்றைத் தனியாக எடுத்துவிடக்கூடிய சிறு பையில் வைத்திருங்கள். மழைக்கால மதியங்களில் மேகத்துக்கு நடுவே பறப்பதால் ஆட்டமும் சற்றுக் கூடுதலாகத் தெரியும்.

எந்த வகை விமானம் என்பது பதிவுப் பக்கத்தில் விவரத்தை விரித்துப் பார்த்தால் இருக்கும். கடைசி நேரத்தில் மாற்றவும் செய்வார்கள்.

காற்றால் நேரம் மாறுமா?

இரண்டு, மூன்று நிமிடம் மாறலாம். காற்று கிழக்கு – மேற்காக அடிக்கும்போது அதில் பாதியளவுதான் இந்தப் பாதையில் முன்னும் பின்னும் தள்ளும், மீதி பக்கவாட்டில் போய்விடும். மேற்கிலிருந்து 30 நாட் (மணிக்கு 30 கடல் மைல்) காற்று அடித்தால், மதுரை நோக்கிப் போகும் ஏடிஆருக்கு எதிர்ப்பாக நிற்பது சுமார் 16 நாட். 225 கடல் மைலுக்கு மூன்று நிமிடம் வாக்கில் கூடும், அவ்வளவுதான். சென்னை ஓடுபாதையில் அன்று எந்தப் பக்கமாக விமானத்தை மேலே ஏற்றுகிறார்கள் என்பது இதை விட முக்கியம்.

வீட்டிலிருந்து வீட்டுக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆகும்?

பயணத்தைத் திட்டமிடுகிறவர் போட வேண்டிய கணக்கு இதுதான். தி.நகரிலிருந்து மதுரை சிம்மக்கல் என்று வைத்துக்கொள்வோம். விமான நிலையம் போக 40 நிமிடம். புறப்படும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். பறப்பதற்கு 1 மணி 20 நிமிடம். இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர 20 நிமிடம். ஊருக்குள் போக 35 நிமிடம். கூட்டினால் 4 மணி 25 நிமிடம்.

இதே பயணத்தை எழும்பூர் – நாகர்கோவில் வந்தே பாரத்தில் போட்டுப் பாருங்கள். விடிகாலையில் எழும்பூர் போக 25 நிமிடம், காத்திருப்பு 20, ரயிலில் ஏறத்தாழ 5 மணி 40 நிமிடம், மதுரை சந்திப்பிலிருந்து சிம்மக்கல் 10 நிமிடம். மொத்தம் 6 மணி 35 நிமிடம். டிக்கெட்டைப் பார்த்தால் நாலேகால் மணி நேரம் மிச்சமாவது போலத் தோன்றும். வாசலிலிருந்து வாசலுக்குக் கணக்குப் போட்டால் மிச்சமாவது இரண்டு மணி நேரம் சொச்சம்தான். பெட்டி எதுவும் போடாமல், முன்கூட்டியே வெப் செக்-இன் செய்து, கைப்பையோடு போகிறவருக்கு இன்னும் ஒரு முக்கால் மணி மிச்சமாகலாம்.

நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்துத் தராசு சாயும். தாம்பரத்தில் இருப்பவருக்கு ரயில் வாசலிலேயே நிற்கிறது, விமான நிலையமும் பக்கம்தான். அண்ணாநகர், பெரம்பூர் பக்கம் உள்ளவர் மீனம்பாக்கம் வருவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க வேண்டும். மதுரை விமான நிலையம் ஊருக்குத் தெற்கே, அவனியாபுரம் பக்கம், சந்திப்பிலிருந்து ஏறத்தாழ 12 கி.மீ. தூரத்தில் இருப்பதால் திருமங்கலம், அருப்புக்கோட்டை, விருதுநகர் போகிறவர்கள் ஊருக்குள் நுழையாமலே போய்விடலாம். மேலூர்காரருக்கு அந்த லாபம் இல்லை. அவர் மொத்த நகரத்தையும் சுற்றித் திரும்ப வடக்கே வர வேண்டும்.

மற்ற ரயில்கள்?

வைகை எக்ஸ்பிரஸ் பகலில் ஏழரை மணி நேரம் எடுக்கும். தேஜஸ் ஆறரை மணி நேரத்துக்குள். பாண்டியன் இரவில் ஏறி விடியற்காலையில் இறங்கும் வண்டி. இதில் தூங்கிப் போகிற நேரம் வேலை நேரத்தைத் தின்பதில்லை என்பதால், காலை ஒன்பது மணிக்கு மதுரையில் வேலை இருப்பவருக்கு விமானத்தை விட இதுவே உத்தமம். எழும்பூர் நிலைய மறுசீரமைப்புப் பணியால் சில வண்டிகளின் புறப்பாட்டைத் தாம்பரத்துக்கு மாற்றியதுண்டு. கிளம்பும் முன் எந்த நிலையம் என்று பார்த்துவிடுங்கள்.

காரில் போனால்?

ஏழரை முதல் எட்டு மணி நேரம், சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நிறுத்துவதைச் சேர்த்து ஒன்பது. திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி என்று முழுக்க நான்குவழிச் சாலை. வழியில் சுங்கச்சாவடிகள் எட்டு: பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி. அடிக்கடி போகிறவர்களுக்கு 2025 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறைக்கு வந்த ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் கட்டுபடியாகும். சொந்த கார்களுக்கு மட்டும், 200 முறை கடக்கலாம் அல்லது ஓராண்டு, எது முதலில் முடிகிறதோ அதுவரை. அறிமுக விலை ரூ.3,000. ஒரு தடவை போய்வர 16 முறை கடப்பீர்கள், ஆக 12 தடவை போய்வரலாம்.

நேரம் தொலைவது நெடுஞ்சாலையில் அல்ல, அதற்கு முன்னால். பெருங்களத்தூரிலிருந்து பரனூரைத் தாண்டுவதற்குள் தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய மாலைகளில் இரண்டு மணி நேரம் போய்விடும். அந்த நாட்களில் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குக் கிளம்புவதுதான் வழி.

பேருந்துக்கு எட்டு முதல் ஒன்பது மணி நேரம். 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் முனையத்திலிருந்துதான் தென்மாவட்டப் பேருந்துகள் கிளம்புகின்றன. வடசென்னையிலிருந்து அங்கே போய்ச் சேரும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

எத்தனை மணிக்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும்?

உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டி போடும் கவுண்டரை வழக்கமாக 60 நிமிடம் முன்பும், போர்டிங் கேட்டை 25 நிமிடம் முன்பும் மூடுவார்கள். விமானம் கண்ணெதிரே நின்றாலும் அதன் பிறகு ஏற்ற மாட்டார்கள். ஏடிஆருக்குப் பெரும்பாலும் பேருந்தில்தான் கொண்டுபோய் விடுவார்கள். கடைசிப் பேருந்து போய்விட்டால் அவ்வளவுதான். சென்னையில் உள்நாட்டுக்கு டி1, டி4 என இரண்டு முனையங்கள் இருப்பதால் டிக்கெட்டில் எது என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

மெட்ரோ நீலத் தடத்தின் விமான நிலைய நிறுத்தமும், ஜி.எஸ்.டி. சாலைக்கு எதிர்ப்பக்கம் திரிசூலம் புறநகர் ரயில் நிலையமும் கைக்கெட்டிய தூரத்தில் உள்ளன. விடிகாலை ஆறு மணி விமானத்துக்கு மெட்ரோ உதவாது, அது ஓடத் தொடங்குவதே ஐந்து மணி வாக்கில்தான்.

எந்த நேரத்து விமானம் அதிகம் தாமதமாகும்?

மாலையில் கிளம்புபவை. ஒரே ஏடிஆர் காலையிலிருந்து ஊர் ஊராக ஓடிக்கொண்டிருக்கும். காலையில் எங்கோ விழுந்த இருபது நிமிடம் சாயங்காலத்துக்குள் ஒரு மணி நேரமாகிவிடும். மதுரைக்குப் போகிற உங்கள் விமானம் அதற்கு முன் எங்கிருந்து வர வேண்டும் என்பதைக் கண்காணிப்புச் செயலியில் பாருங்கள். அது இன்னும் கிளம்பவில்லை என்றால் திரையில் 'நேரத்துக்கு' என்று இருந்தாலும் நம்ப வேண்டாம். நாளின் முதல் விமானம்தான் ஓரளவு உத்தரவாதம்.

அதற்கும் விதிவிலக்கு உண்டு: போகிப் பண்டிகை காலை. பழையதை எரிக்கும் புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்து சென்னை ஓடுபாதையை மறைத்துவிடும். அன்று முதல் விமானத்தைத் தவிர்த்து மதியத்தைப் பிடியுங்கள். அடுத்த நாள், பொங்கலன்று, மதுரையில் இறங்குகிறவர்களுக்கு வேறு சிக்கல்: அவனியாபுரம் விமான நிலையச் சாலையிலேயே இருக்கும் ஊர், அன்று அங்கே ஜல்லிக்கட்டு. போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள், கூடுதலாக முக்கால் மணி நேரம் கையில் வையுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் நெருங்கினால் சென்னை விமான நிலையத்தையே மூடிவிடுவதுண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நாள்கணக்கில் மூடியிருந்தது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலாலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலாலும் சேவை நின்றது. தவறவே கூடாத வேலை, திருமணம், தேர்வு என்றால் இந்த மாதங்களில் ஒரு நாள் முன்னதாகக் கிளம்புங்கள்.

ரத்தானால், தாமதமானால் என்ன கிடைக்கும்?

பிளாக் டைம் இங்கேதான் காசாகிறது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, உரிய முன்னறிவிப்பு இல்லாமல் நிறுவனம் தன் காரணத்தால் விமானத்தை ரத்து செய்தால், மாற்று விமானம் அல்லது முழுப் பணத்தோடு இழப்பீடும் தர வேண்டும். பிளாக் டைம் ஒரு மணி நேரம் வரை என்றால் ரூ.5,000; ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வரை ரூ.7,500, அதற்கு மேல் ரூ.10,000. அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது. சென்னை – மதுரை டிக்கெட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருப்பதால் ரூ.7,500 வரம்பில் வரும். புயல், வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு போன்ற நிறுவனத்தின் கைமீறிய காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது.

இந்தத் தடத்தில் இரண்டு மணி நேரம் தாமதமானாலே சிற்றுண்டி தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். பதிவு செய்யும்போது முகவரின் எண்ணைக் கொடுக்காமல் உங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுத்திருக்க வேண்டும். தொடர்பு விவரம் சரியில்லாததால் தகவல் சேரவில்லை என்றால் இழப்பீட்டுக் கோரிக்கை அங்கேயே விழுந்துவிடும்.

மதுரையிலிருந்து மல்லி, ஊறுகாய், கொப்பரை எடுத்துப் போகலாமா?

மல்லிகையைக் கைப்பையிலேயே கொண்டுபோகலாம். வாழை இலையில் சுற்றி, மேலே ஈரத்துணி இல்லாமல் காற்றுப்போகும் பையில் வையுங்கள். தண்ணீர் சொட்டினால் ஸ்கேனரில் நிறுத்திப் பிரிக்கச் சொல்வார்கள். ஊறுகாய், நெய், எண்ணெய் எல்லாம் கைப்பையில் வேண்டாம். கசியாதபடி கட்டிப் பெட்டியில் போடுங்கள். அதிலும் எவ்வளவு அனுமதி என்று நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். கொப்பரை எதிலும் கூடாது, எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் பொருள் பட்டியலில் இருக்கிறது. பவர் பேங்க் நேர்மாறு: பெட்டியில் போடவே கூடாது, கையில்தான் வர வேண்டும். சாதாரணக் கட்டணத்தில் பொதுவாகப் பெட்டி 15 கிலோ, கைப்பை 7 கிலோ. ஏடிஆரில் எடையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள், வீட்டிலேயே நிறுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.